அலபாமாவில் ஒரு தோட்டம்

அடிமைத்தனத்தை எதிர்ப்பதில் ஜான் மிச்செலை மிஞ்ச ஆளில்லை. ஒரே ஒரு நிபந்தனை: அடிமை அயர்லாந்துக்காரனாக இருக்க வேண்டும்.

1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தின்றது. அடுத்த சில வருடங்களில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேல் கப்பலேறினார்கள். அதே துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. சந்தை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்றார்கள் லண்டன் கனவான்கள். சரிசெய்யத்தான் செய்தது, தின்னும் வாய்களைக் குறைத்து. வெகுண்டெழுந்த வக்கீல் மிச்செல் 1848 பிப்ரவரியில் 'யுனைடெட் ஐரிஷ்மேன்' பத்திரிகையைத் தொடங்கினார். மே மாதத்துக்குள் அவரைப் போன்றவர்களுக்கென்றே புதுச் சட்டம் வந்தது, பொறுக்கியெடுத்த ஜூரி வந்தது, பதினான்கு வருட நாடுகடத்தல் வந்தது. கஞ்சி மட்டும் எந்த வீட்டுக்கும் இத்தனை வேகமாக வந்ததில்லை.

பெர்முடாவில் கைதிக் கப்பல், பிறகு இன்றைய டாஸ்மேனியா. 1853-ல் தப்பியதிலும் கனவான் தோரணை குறையவில்லை. அங்குள்ள போத்வெல் போலீஸ் அலுவலகத்துக்கு நேரிலேயே போனார். தப்ப மாட்டேன் என்று கொடுத்திருந்த வாக்கைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் நீட்டினார். மாஜிஸ்திரேட் திருதிருவென விழிக்க, குதிரையேறிப் போய்விட்டார். இதுவரை கை தட்டலாம்.

நியூயார்க்கில் தடபுடல் வரவேற்பு. இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1854 ஜனவரியில் தன் புதுப் பத்திரிகையில் எழுதினார்: அடிமை வைத்திருப்பது குற்றமில்லையாம், சாட்டையால் அடித்து வேலை வாங்குவதும் தப்பில்லையாம், அலபாமாவில் திடகாத்திரமான கறுப்பர்கள் நிறைந்த தோட்டம் ஒன்று தனக்கு இருந்தால் நன்றாயிருக்குமாம்! விலங்கு பூட்டி அனுப்பப்பட்ட மனிதர் எழுதியது இது. தனக்கு வந்தால் ரத்தம், அடுத்தவனுக்கு வந்தால் தக்காளிச் சட்னி.

ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டார் என்று சப்பைக்கட்டு கட்டவும் அவர் இடம் வைக்கவில்லை. டென்னசிக்குப் போய் 'சதர்ன் சிட்டிசன்' நடத்தினார். அமெரிக்காவே 1808-ல் தடை செய்திருந்த ஆப்பிரிக்க அடிமை இறக்குமதியை மறுபடி திறந்துவிடச் சொன்னார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்தியரின் தலைநகரான ரிச்மண்டில் உட்கார்ந்து அடிமை முதலாளிகளுக்காகத் தலையங்கம் தீட்டினார். பெற்ற பிள்ளைகள் இருவர் தெற்கத்தியப் படையில் மாண்டார்கள். ஒருவன் கெட்டிஸ்பர்க்கில், இன்னொருவன் சம்டர் கோட்டையில். அப்போதும் பேனா திரும்பவில்லை.

வட அயர்லாந்தின் நியூரி நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. கேட்டால், "அந்தக் காலம் அப்படி" என்பார்கள் பக்தர்கள். எந்தக் காலம்? தப்பியோடி வந்த அடிமை பிரெடரிக் டக்ளஸ் 1845-ல் டப்ளின் கூட்டத்தில் பேசினார். அடிமைமுறையைக் காறித்துப்பிய அயர்லாந்துத் தலைவர், கிழவர் டேனியல் ஓ'கானலும் அங்கே இருந்தார். அவர்கள் வீட்டுச் சுவரிலும் அதே காலண்டர்தான் தொங்கியது.

1875-ல் அயர்லாந்தின் டிப்பரரி மக்கள் மிச்செலை எம்.பி.யாகத் தேர்ந்தெடுத்தார்கள். தண்டனையை முடிக்காத குற்றவாளி என்று பார்லிமென்ட் தள்ளிவைத்தது. மறுபடி தேர்ந்தெடுத்தார்கள், சில நாட்களில் செத்துப்போனார். பட்டினிச் சாவைக் கொலை என்று எழுதியவரை 27 வருடம் விடாமல் துரத்த லண்டனிடம் சட்டம் இருந்தது. சாட்டைக்கு வக்காலத்து வாங்கியதற்கு அங்கே ஒரு பிரிவும் இல்லை.