நிலக்கரிக்குத் தங்கமுலாம்

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் தென்மேற்கு வாசலில், உயரத் தூணின் மேல், ஒரு பெண் தங்கமுலாம் பூசிக்கொண்டு நிற்கிறாள். பெயர் கொலம்பியா. அமெரிக்கத் தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறி நிற்பது சிப்பித் தேர். இழுப்பது மூன்று கடற்குதிரைகள். 1898 பிப்ரவரி 15 இரவு ஸ்பெயினின் கையில் இருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் வெடித்து மூழ்கிய அமெரிக்காவின் ‘மெயின்’ போர்க்கப்பலின் மாலுமிகளுக்கு நினைவுச்சின்னமாம் இது. அந்தக் கப்பலின் பீரங்கி உலோகத்தை உருக்கித்தான் அவளை வார்த்தார்களாம். செத்தவன் அரைஞாணை உருக்கி ஊர்ப்பெரியவர் மோதிரம் போட்டுக்கொண்ட கதை.

செத்தவர்கள் 260 பேருக்கு மேல். அதில் அதிகாரிகள் இரண்டே பேர். கணக்கில் பிழையில்லை. அதிகாரிகளின் அறைகள் கப்பலின் பின்பக்கம். சாதாரண மாலுமிகள் படுத்தது முன்பக்கம். வெடித்ததும் முன்பக்கம். கேப்டன் சிக்ஸ்பி தன் அறையில் வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பிழைத்தார். பின்னாளில் ரியர் அட்மிரலும் ஆனார்.

ஏன் வெடித்தது? கண்ணிவெடி என்று சொல்லக் கடற்படை விசாரணைக்கு மார்ச் மாதம் வரை ஆயிற்று. பத்திரிகை முதலாளி வில்லியம் ரண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டுக்கு இரண்டே நாள் போதும். எதிரியின் வேலை என்று அவருடைய ‘நியூயார்க் ஜர்னல்’ முதல் பக்கத்தில் தீர்ப்பு எழுதியது. குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தால் 50,000 டாலர் பரிசு என்றது. விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியதென்று மார்தட்டியது. கூடவே நினைவுச்சின்னத்துக்கு நன்கொடை! பள்ளிப் பிள்ளைகளின் சில்லறையையும் விடவில்லை. பிணம் விழுந்த வீட்டில் பத்திரிகையும் விற்று, உண்டியலும் குலுக்கிய முதல் முதலாளி இவராக இருக்க மாட்டார். கடைசி ஆளும் இல்லை என்பது டி.வி. பார்க்கும் உங்களுக்குத் தெரியும்.

1976-இல் அமெரிக்கக் கடற்படையின் சொந்த அட்மிரல் ரிக்கோவர், நிபுணர்களை வைத்துப் பழைய ஆவணங்களைப் புரட்டினார். கண்ணிவெடிக்கு ஆதாரமில்லை என்றார். வெடிமருந்துக் கிடங்கை ஒட்டியிருந்த நிலக்கரி அறையில் பற்றிய தீயே காரணமாக இருக்கலாம் என்றார். அந்த வகை நிலக்கரி தானாகவே பற்றும் என்பது 1898-லேயே தெரிந்த சங்கதி. வேறு கப்பல்களிலும் பற்றியிருந்தது. ஆக, அந்த 50,000 டாலர் நிலக்கரிக்குச் சேர வேண்டியது. கிடங்கையும் கரியையும் அடுத்தடுத்து வைத்த புத்திசாலிகளுக்கு எதுவும் சேரவில்லை. தண்டனையும்தான்.

ஆனால் அதற்குள், ‘மெயி’னைச் சொல்லி ஸ்பெயினோடு போட்ட போர் நடந்து முடிந்து 78 வருஷம். ஸ்பெயின் தோற்றது. போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் கைமாறின. பிலிப்பைன்ஸுக்கு 2 கோடி டாலர். விற்றது ஸ்பெயின், வாங்கியது அமெரிக்கா. அங்கே குடியிருந்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே அவர்கள் பதில் சொன்னபோது துப்பாக்கி பேசியது. சண்டையிலும் பஞ்சத்திலும் நோயிலும் மாண்ட பொதுமக்கள் 2 லட்சம் வரை இருக்கும் என்கிறது அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்றுப் பிரிவே. அவர்களுக்கு அந்தப் பூங்காவில் ஒரு செங்கல் கிடையாது.

நினைவுச்சின்னத்தைச் சுற்றிப் பாருங்கள். தைரியம், மனவுறுதி, சமாதானம் எல்லாம் மனித உருவெடுத்திருக்கின்றன. பின்பக்கம் நீதிதேவதை. போரிடம் தான் கொடுத்த வாளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாளாம். சின்னத்தைத் திறந்தது 1913 மே 30. கைதட்டல் ஓய்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 11 அன்று பிலிப்பைன்ஸின் ஹோலோ தீவில், ஜெனரல் பெர்ஷிங்கின் படை புட் பக்சாக் மலையில் ஒதுங்கியிருந்த மோரோ முஸ்லிம்கள்மீது பாய்ந்தது. ஐந்து நாள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். வாளைத் திரும்பக் கொடுத்தது உண்மைதான் போலிருக்கிறது. அங்கே அவர்கள் கொண்டுபோனது பீரங்கி.