நீர்த்தலியல்: போடி உரையுடன்

‘நீர்த்தல் ஐந்தே, ஆறும் உளவே.’

சூத்திரம் செய்தவனும் உரை எழுதுபவனும் நானே. ஆகையால் ஐந்தா ஆறா என்ற சண்டையைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் ‘வாட்டர் டவுன்’ என்றொரு தொடர் உண்டு. ஒன்றின் வீரியத்தைக் குறைப்பது என்று பொருள். நம் நாளிதழ்த் தலையங்கங்கள் அதை ‘நீர்த்துப்போகச் செய்தல்’ என்று தமிழாக்கி, வாரத்துக்கு இரண்டு முறையாவது யார் மீதாவது ஏவுகின்றன. போடிநாயக்கனூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை ஆராய்ந்ததில், இந்தத் தொடர் இந்த ஊருக்குச் சரிப்பட்டு வராது என்று தெரிந்தது.

முதலில் பதவுரை. வாட்டர் என்பது நீர். டவுன் என்பது கீழே. ஆக, நீரைக் கீழே இறக்குதல். இந்த நேர்ப்பொருளில் அந்தக் காரியத்தைச் செய்து காட்டியவர் பென்னிகுயிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். மேற்கே ஓடிக் கடலில் விழ இருந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து, 1895இல் கிழக்கே இறக்கினார். எதன் வீரியமும் குறையவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் நெல்தான் விளைந்தது. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி தேனி மாவட்டத்து ஊர்களில் அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் வசையாக வைத்திருக்கும் ஒரு செயலுக்காக வெள்ளைக்காரர் ஒருவரையே நாம் கும்பிடுகிறோம். அகராதிக்காரர்கள் இதைக் கவனிக்கவில்லை.

இனி வகை. முதலாவது நல்நீர்த்தல். சித்திரை வெயிலில் பந்தல் போட்டு, ஒரு குடம் மோரைப் பத்துக் குடமாக்கி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஊற்றுவது. நாலு பேருக்கு வைத்த சாம்பாரை, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஏழு பேருக்கு ஆக்குவதும் இதில் அடங்கும். நமக்குத் தண்ணீர் சேர்ப்பது பெரும்பாலும் தர்மக் கணக்கு. நற்குணத்துக்கே ‘நீர்மை’ என்று பெயர் வைத்த மொழி இது. அஃதேல், பாலில் ஊற்றுவது எவ்வகை எனின், அது கள்ள நீர்த்தல், இரண்டாவது. இதை விளக்கப் புகுந்தால் பால்காரர் மனம் நோகும்.

மூன்றாவதற்கு மலை ஏற வேண்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு மேலே போனால், தூறலும் நிழலுமாக ஏலத்தோட்டங்கள். செடியிலிருந்து கிள்ளிய பச்சைக்காயில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அதை ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்தும் கூடத்தில் தட்டுத்தட்டாகப் பரப்பி, ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் வாட்டினால், ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கி விலைபோகும் சரக்காகிறது. இங்கே மதிப்பு என்பதே நீர் நீங்குவதுதான்.

சரி, வீரியம் குறைவது எப்படி? வெளிச்சத்தால். இதுவே மூன்றாவது, ஒளி நீர்த்தல். உலர்ந்த காயை வெயில்பட வைத்தால் பச்சை வெளுத்துப் போகும். அதனால்தான் உட்புறம் கறுப்பு பாலிதீன் விரித்த சாக்கில் போட்டு, பெட்டியில் வைத்து, பெண்ணுக்குச் சேர்த்த பட்டுப்புடவை மாதிரிப் பாதுகாக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நீர்த்துப்போகும் பொருளை ஆங்கிலத்தில் என்னவென்று சொல்வார்கள்?

நான்காவது, எனக்கு மிகவும் பிடித்தது: சாய நீர்த்தல். வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுவது. சட்டப்படி குற்றம். மற்றவை குறைந்து நீர்க்கும். இதுவோ கூட்டக் கூட்ட நீர்க்கும். கண்ணுக்கு அடர்த்தி, கையில் ஈரம்பட்டால் உண்மை.

ஏலக்காய் ஏலத்தில் இந்த வேஷங்களையெல்லாம் கலைக்கிறார்கள். (ஏலம் என்ற காயும் ஏலம் என்ற விற்பனையும் ஒரே சொல்லாய் ஒலிப்பது தற்செயல்; விற்பனை ஏலம் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனது. இரண்டு ஏலமும் கைகுலுக்கும் ஊர்கள் போடியும் மலைக்கு அந்தப் பக்கத்துப் புற்றடியும்.) நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் இன்று கணினியில் நடக்கிறது. ஆனால் மாதிரிக் காயைப் பார்ப்பது கணினி அல்ல. வியாபாரி ஒரு பிடி அள்ளித் தட்டில் உருட்டுகிறார். ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் தோலைப் பிளக்கிறார். உள்ளே அரி, அதாவது விதை, கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயில் போட்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு மெல்லுகிறார். ஒரு லிட்டர் அளவில் கொட்டி நிறுத்தால் நல்ல காய் 400 கிராமைத் தாண்டும். பெரிதாய் இருந்து பொக்கையாய் உள்ள காய் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஐந்தாவது சொல் நீர்த்தல். இதற்கு லிட்டர் எடை பார்க்கும் வியாபாரி இல்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் ஐந்தாண்டு என்று இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டு, மத்திய அரசு விதிக்கும் காலம் என்று திருத்தினார்கள். தாள் அதே தாள், தலைப்பு அதே தலைப்பு. நகத்தால் பிளந்து பார்த்தால்தான் அரி தெரியும்.

ஆறாவதற்கு வருவோம். மேற்படி பெஞ்சில் ஆராய்ச்சிச் செலவாக ஒரு ஏலக்காய் டீ சொன்னேன். வந்தது. இரண்டு வாய் குடித்தும் ஏலக்காய் தட்டுப்படவில்லை. வாசனையெல்லாம் அரியில், தோலில் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. தோலைக்கூடப் போட்ட மாதிரி தெரியவில்லை.

“அண்ணே, ஏலக்காய் டீ கேட்டேன்.”

“அதேதான் தம்பி.”

“வாசமே வரலையேண்ணே.”

மாஸ்டர் பாய்லரை விட்டு எட்டி எதிர்ச்சாரியைப் பார்த்தார். அங்கே கமிஷன் கடை வாசலில் லாரிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

“காத்து இப்போ அந்தப் பக்கம் அடிக்குது. செத்த நேரம் வச்சுக் குடிங்க.”