அரண்மனையை வளைத்துப் போடுவது எப்படி?

மைசூர் அரண்மனையைச் செல்போனிலேயே ஒரு நீளப் படமாக, அதாவது பனோரமாவாக, பிடித்துவிட மூன்று வேண்டும்: வளையும் இடுப்பு, சொன்னபடி நிற்கும் குடும்பம், போன். மூன்றாவது எல்லோரிடமும் இருக்கிறது.

அரண்மனை கிழக்குப் பார்த்தது. காலை வெயில் முகப்பில் நேராக விழுந்து, சாம்பல் நிறக் கருங்கல்லும் சிவந்த குவிமாடங்களும் துலங்கும். ஆகவே நீங்கள் போய்ச் சேர வேண்டியது மாலை நாலு மணிக்கு மேல். ஊட்டியிலிருந்து வேனில் வருபவர்கள் இதற்காக மெனக்கெட வேண்டாம். கூடலூரில் டீ, பந்திப்பூரில் மான், நஞ்சன்கூட்டில் சாப்பாடு என்று வந்தால் தானாகவே நாலரை ஆகிவிடும். சூரியன் அரண்மனைக்குப் பின்பக்கம் போய் உங்கள் லென்ஸை முறைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, நிற்கும் இடம். அதற்கு முன் எதிரே நிற்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். 1897இல் இளவரசி கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோக, கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் வரைந்து 1912இல் கட்டி முடிந்தது இந்த அரண்மனை. (சென்னைக் கன்னிமரா நூலகம் அவருடையது, உயர் நீதிமன்றத்திலும் அவர் கை உண்டு. அங்கே யாரும் பனோரமா எடுப்பதில்லை. வாய்தாவுக்கு வந்தவருக்கு இடுப்பு எங்கே திரும்பும்?) முகப்பு 245 அடி அகலம், கோபுரம் 145 அடி உயரம். முன்னால் பெரிய திடல். பின்னால் நகர்ந்துகொண்டே போனால் முழு முகப்பும் சாதாரணப் படத்திலேயே அடங்கிவிடும். எனவே பின்னால் போகக் கூடாது. அடங்கிவிட்டால் பனோரமாவுக்கு என்ன வேலை?

கிட்டத்தில் நின்று சுழன்றால்தான் நடுக்கோபுரம் உங்களை நோக்கிப் புடைத்து, இரு ஓரமும் சுருங்கி, அரண்மனை வாழைப்பழமாகும். இது போனின் குற்றமல்ல. நின்ற இடத்திலிருந்து நடுப்பகுதி பக்கம், ஓரங்கள் தூரம். சுற்றிப் பார்த்ததைத் தட்டையாக விரித்தால் நேர்கோடு வளையத்தான் செய்யும்.

போனைச் செங்குத்தாகப் பிடித்து, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, போன் இருந்த இடத்தில் இருக்க நாம் அதைச் சுற்றி வர வேண்டும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். நாமோ கையை நீட்டிக் கற்பூரத் தட்டு காட்டுவது போலச் சுற்றுவோம். அப்போதுதான் பக்கத்து விளக்குக் கம்பம் இரண்டாகப் பிளக்கும். 'மெதுவாக' என்று திரையில் எழுத்து வரும். வீட்டில் சொல்பவர்கள் பேச்சையே கேட்பதில்லை, இதையா கேட்கப் போகிறோம்?

குடும்பம்தான் பெரிய சோதனை. பனோரமா ஒரு நொடியின் படமல்ல, பல நொடிகளின் ஒட்டுப்போட்ட துணி. என் மச்சினர் பையன் இடது ஓரத்தில் போஸ் கொடுத்துவிட்டு, போன் நகர நகர அதன் முன்னாலேயே ஓடினான். படத்தில் மூன்று பையன்கள். மூன்றாமவனுக்குக் கால் இல்லை. மாமியார் அதைப் பார்த்துவிட்டு அன்றிரவே சுற்றிப் போட்டார்.

என் சிபாரிசு, ஞாயிற்றுக்கிழமை இரவு. கிட்டத்தட்ட 97,000 பல்புகள் ஒரே நேரத்தில் எரியும்போது கூட்டம் முழுக்க 'ஓ' என்று கத்தும். உங்கள் கையும் ஆடும். ஒவ்வொரு பல்பும் புழுவாக நெளியும் படத்தில் வளைவு இருப்பதை எவரும் கண்டுபிடிக்க முடியாது.

எடுத்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 245 அடி, திரையில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு பட்டையாகக் கிடந்தது. பெரியப்பா மட்டும் பதில் போட்டார்: "எந்த ரயில்ப்பா இது?"

வாசலில் பட அஞ்சலட்டைகள் விற்பார்கள். அவற்றில் அரண்மனை நேராக இருக்கும். பேரம் பேசி ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.