சும்மா இருக்கத் தெரியாதவன்

ஆபத்து என்று காதில் விழுந்தால் எனக்குக் கால் நிற்காது. ஓடிவிடுவேன். எதற்கு ஓடினேன் என்பது போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கும்போதுதான் யோசனைக்கு வரும். கீழ்பென்னாத்தூரில் குடியிருந்துகொண்டு, அக்கம்பக்கத்துக் கல்லூரி ஒன்றில் (பெயர் வேண்டாம், மாதச் சம்பளம் வர வேண்டும்) வணிகவியல் நடத்துகிறேன். என் ஓட்டத்தைப் பார்த்து ‘சார் ரொம்ப ஆக்டிவ்’ என்று நிர்வாகம் முடிவுகட்டியது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்குள் பாதுகாப்புக் குழு ஒன்று காகிதத்திலாவது இருந்தாக வேண்டும். என் தலையில் கட்டினார்கள். அதன்பிறகு என்னால் காப்பாற்றப்பட்டவர்கள் யாரும் இல்லை. என்னிடமிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் சிலர் உண்டு.

செமஸ்டர் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பையன் ஒருவன் பெஞ்சிலிருந்து சரிந்தான். வலிப்பு. கைகால் வெட்டி இழுக்கிறது. நான் பாய்ந்தேன். பஸ் ஸ்டாண்டிலும் சினிமாவிலும் பார்த்ததைக் கை தானாகவே செய்தது: பீரோ, லேப், ஸ்கூட்டர் என்று அரைக் கிலோ தேறும் என் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்தேன். விரல்கள் விரியவில்லை, நான் விரித்தேன். சுற்றி நின்றவர்கள் “இன்னும் அழுத்திப் பிடிங்க சார்” என்று உற்சாகப்படுத்தினார்கள். வராந்தா பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“இன்னா சார் பண்றீங்க? சாவிய எடுத்துனு அப்பால போங்க.”

பெஞ்சை இழுத்துத் தள்ளினார். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அவன் தலைக்கு அடியில் வைத்தார். வாயில் எதையும் வைக்கவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை, பிடித்து அமுக்கவில்லை. இழுப்பு கொஞ்சம் தணிந்ததும் பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆம்புலன்சைக் கூப்பிடணும், அதுக்குள்ள பெரும்பாலும் தானா நின்னுடும் என்றார். அவர் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே இது உண்டாம். நின்றுவிட்டது. வலிப்பு மூளைக்குள் ஓடும் மின்சாரத்தின் கோளாறு. இரும்புக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. தானாக நிற்கிற ஒன்றைக் காலங்காலமாகச் சாவியின் கணக்கில் வரவு வைத்துவந்திருக்கிறோம். கணக்குப் பாடம் நடத்துகிற எனக்கே அது உறைக்கவில்லை. என் சாவி சாதித்தது பையன் கையில் ஒரு கீறல்.

இதற்குப் பிறகாவது அடங்கியிருக்கலாம். ஹாஸ்டலுக்குப் பின்னால் மல்லாட்டைக் கொல்லை. காய் முற்றும் பருவத்தில் எலி வரும், எலிக்குப் பின்னால் மற்றது வரும். ஒரு சாயங்காலம் குழாயடியில் ஒரு மாணவனைக் கடித்துவிட்டது. கேட்டதும் ஓடினேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை நாடாவைக் கழற்றி அவன் கணுக்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டினேன். பாம்பை அடித்து எடுத்துவரச் சொல்லி மூன்று பேரைக் கழியோடு கொல்லைக்குள் அனுப்பினேன். ஒரு நோயாளியை நால்வராக்கும் திட்டம் என்று அப்போது தோன்றவில்லை.

108-ஐயும் நான்தான் கூப்பிட்டேன். எடுத்த பெண் நிதானமாக எந்த ஊர் என்று கேட்டார். நான் கத்திய கத்தலில் அது அவருக்குப் பெண்ணாடமாகவும் பென்னாகரமாகவும் கேட்டிருக்கிறது. ஒன்று கடலூர் மாவட்டம், மற்றது தர்மபுரி. “எந்த மாவட்டம் சார்?” என்றதற்கு, “உயிர் போகுது, மாவட்டம் கேக்கறீங்களே” என்று சண்டை பிடித்து, நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக லைனை வெட்டினேன். அவர்கள் திருப்பி அழைத்தபோது என் போன் பிசி. முதல்வரிடம் எல்லாம் கட்டுப்பாட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வார்டன் தன் போனில் மாவட்டம், தாலுகா, எந்த சாலை, எந்த கேட் என்று வரிசையாகச் சொன்ன பிறகுதான் வண்டி புறப்பட்டது.

திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் பார்த்தது கால் கட்டைத்தான். விரியன் கடியில் இறுக்கிக் கட்டினால் விஷம் ஒரே இடத்தில் தேங்கிச் சதையை அழிக்கும், சட்டென்று அவிழ்த்தாலும் வம்பு என்று சொல்லிக்கொண்டே பார்த்துப் பார்த்துத் தளர்த்தினார். “யார் கட்டினது?” என்றார். நாடாவின் நுனியில் என் பெயரும் போட்டோவும் இருந்ததால் மறுக்க வழியில்லை. காலை ஆட்டாமல், நடக்கவிடாமல் அழைத்துவந்திருந்தால் போதுமாம். பாம்பின் பிணமும் தேவையில்லை. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கான விஷம் எடுக்கும் இடங்களில் ஒன்று மாமல்லபுரத்துக்குப் போகிற வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது: 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அவர்கள் பாம்பை உயிரோடு பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுகிறார்கள். நான் அதே இனத்தைக் கொல்லக் கழியோடு ஆள் அனுப்பியவன்.

அடுத்து டாக்டர் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் நிறுத்தினார். ஆட்டக்கூடாது, அசைக்கக்கூடாது, இருபது நிமிஷம். உறையாவிட்டால் விரியன் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “ஏதாவது பண்ணுங்க டாக்டர்” என்றேன். “பண்ணிட்டுதான் இருக்கேன்” என்றார் கடிகாரத்தைப் பார்த்தபடி. 1896-இல் இந்த மலைக்கு வந்த ரமணர் ஐம்பது வருஷத்துக்கு மேல் எங்கும் போகாமல் இங்கேயே இருந்தார். என்னால் அதே ஊர் பெஞ்சில் இருபது நிமிஷம் உட்கார முடியவில்லை. ரத்தம் உறைந்தது. ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பையன் நன்றாக இருக்கிறான், நாடாத் தழும்பைத் தவிர.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அந்த இரவில் ஓட இடமில்லாத என் போன்றவர்களுக்கு விரல் மட்டும் மிச்சம். மலை மறுபடியும் இறங்குகிறது என்று யாரோ பதறும் குரல் பதிவு ஒன்று வந்தது. முழுக்கக் கேட்பதற்குள் பெற்றோர் குழுவுக்குத் தள்ளிவிட்டேன். விடுதிப் பிள்ளைகளை அழைத்துப்போக அந்த மழையில் நாலு அப்பாக்கள் பைக்கில் கிளம்பிவிட்டார்கள். பதிவின் கடைசியில் அந்தக் குரல் சொன்ன ஊர்ப் பெயர் நம் மாவட்டத்திலேயே இல்லை.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் இறந்ததன் நினைவு. எங்கள் கல்லூரிக்கும் தீயணைப்புத் துறையினர் செயல்விளக்கம் காட்ட வந்தார்கள். “ஒருத்தர் வாங்க” என்றதும் யார் ஓடியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. தீயணைப்பான் சிலிண்டரின் பின்னை உருவாமல் கைப்பிடியை அமுக்கினேன். உருவிய பிறகு எதிர்க்காற்றில் நின்றேன். குழலைத் தீயின் அடிக்குப் பிடிக்காமல் நாக்குக்குப் பிடித்தேன். சிலிண்டரில் இருக்கும் பவுடர் அரை நிமிஷத்துக்குக்கூட வராது. அதில் பெரும்பகுதி முன்வரிசைப் பேராசிரியர்கள் மேல் படிந்தது. தட்டில் மூட்டியிருந்த தீ அப்படியே எரிந்தது. வந்தவர் சிரிக்கவில்லை. “சார், அணைக்கப் போகும்போது வெளியே போற வழி உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். அணையலைன்னா விட்டுட்டுப் போயிடணும்” என்றார்.

பிறகு ஒத்திகை. மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக இறங்கி, பின்பக்கக் கதவில் வந்து முட்டி நின்றார்கள். பூட்டு. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் வீட்டில் சாப்பாட்டில். குழு ஒருங்கிணைப்பாளர் அப்போது எதிர்த்திசையில் படியேறிக்கொண்டிருந்தார், டிபன் பாக்ஸை எடுக்க. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக்கூரை பற்றி, குறுகிய ஒரே படிக்கட்டில் வழி கிடைக்காமல் 94 பிள்ளைகள் போனபோது நான் பள்ளி மாணவன். எங்கள் பள்ளிக் கீற்றைப் பிரித்துத் தகரம் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் தக்காளி சாதத்துக்காகத் திரும்பி ஏறினேன்.

அடுத்த கூட்டத்தில் முதல் தடவையாக ஓடாமல் ஒரு காரியம் செய்தேன். பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், போட்டார்கள். தாழ்ப்பாளைத் திறக்கிற பிள்ளைகள் திரும்ப மூடுவதில்லை. கொல்லைப் பக்கத்து ஆடுகள் நூலகம் வரை வந்து போகின்றன. நாளிதழ் அடுக்கில் ஒன்று வாய்வைத்தும் விட்டது. பூட்டை மறுபடி மாட்டச் சொல்லி நூலகர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்கிறார். நான் என் நாற்காலியை விட்டு அசைவதில்லை. நிலைமை அவருக்குத்தான் சாதகம்: ஆட்டின்மேல் எழுத்துப்பூர்வமாகவே மூன்று புகார்கள் வந்திருக்கின்றன, தீயின்மேல் இதுவரை ஒன்றும் இல்லை.