ஆன்லைன் கடையில் ஒரு கழித்தல் கணக்கு

சென்னிமலையில் போர்வையும் துண்டும் விற்கும் கடைக்காரர் ஒருவர் இணையத்திலும் கடை திறந்தார். திறந்தால் போதுமா? யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? கோவையில் கம்ப்யூட்டர் படித்த அக்கா மகனைப் பிடித்து உட்கார வைத்தார். அவனும் கூகுள் அனலிட்டிக்ஸை இணைத்துக் கொடுத்தான்.

சற்று நேரத்தில் திரையில் ஓர் எண் முளைத்தது. கடந்த 30 நிமிடத்தில் 5 பேர்! மாமா உடனே எல்லாருக்கும் காபி சொன்னார்.

காபி வருவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. ஒன்று மாமாவின் செல்போன். இரண்டு, கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டர். மூன்று, மருமகனின் லேப்டாப். நான்கு, "கடை தெரியுதான்னு பாரு" என்று போனில் ஏவப்பட்ட அத்தை. ஐந்தாவது ஆள் பேக்கிங் பையன்.

அனலிட்டிக்ஸ் என்றால் கூட்டிக்கொண்டே போகும் வேலை என்று மாமா நினைத்திருந்தார். ஆரம்பத்தில் அது முழுக்கக் கழிக்கும் வேலை. கடை, வீடு இரண்டின் ஐபி முகவரியையும் கொடுத்து, சொந்தக்காரர்களைச் சேர்க்காதே என்று ஒரு வடிகட்டி போட வேண்டும். போட்டாலும் அது 'சோதனை' நிலையிலேயே நிற்கும். நாமாக இயக்கிவிடும்வரை குடும்பமே வாடிக்கையாளர் கூட்டம்தான்.

பிறகு அறிக்கையைத் திறந்தார்கள். வாங்கியவர்களை அனுப்பி வைத்தது யார்? விளம்பரத்துக்குக் காசு கொட்டிய இன்ஸ்டாகிராம் இல்லை. முதலிடத்தில் இருந்தது, பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே.

"மாப்ளை, காசும் வாங்கித் தர்றாங்க, ஆளையும் அனுப்பி வைக்கறாங்க. தீபாவளிக்கு நாலு ஜோடி போர்வை குடுத்து விட்டறலாமா?"

"அவசரப்படாதீங் மாமா."

வாடிக்கையாளர் பணம் கட்ட அந்தத் தளத்துக்குப் போய், ஓடிபி அடித்துவிட்டுத் திரும்பி வருகிறார். கருவியின் கண்ணுக்கு அவர் அங்கிருந்து புதிதாக வந்தவர். பந்தியில் கடைசியாக மோர் ஊற்றியவரே விருந்தைச் சமைத்தார் என்கிற கணக்கு. அந்தத் தளத்தை விலக்குப் பட்டியலில் சேர்த்த பிறகு, போர்வைகள் தப்பின.

அடுத்து, 'நேரடி' என்ற தலைப்பில் ஒரு பெருங்கூட்டம். கடையின் முகவரியைத் தாங்களே தட்டச்சு செய்து வந்தவர்களாம். அந்த முகவரி மாமாவுக்கே மனப்பாடம் ஆகவில்லை! அத்தை குடும்பக் குழுக்களில் போட்ட வாட்ஸ்அப் இணைப்புகள் வழியாக வந்தவர்கள்தாம் அவர்களில் பலர். எங்கிருந்து வந்தோம் என்ற தடயம் அந்த வழியில் பெரும்பாலும் கூட வருவதில்லை. 2012இல் அலெக்சிஸ் மாட்ரிகல் என்ற பத்திரிகையாளர் 'தி அட்லாண்டிக்' இதழில் இப்படி வருகிற கூட்டத்துக்கு 'டார்க் சோஷியல்' என்று பெயர் வைத்தார். அத்தைக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை.

இதற்கு மருந்து, எங்கிருந்து வந்தவர் என்று சொல்ல இணைப்பின் வாலில் ஒட்டும் யூடிஎம் குறி. அதிலுள்ள 'யூ', சான் டியாகோவில் இருந்த அர்ச்சின் நிறுவனத்தைக் குறிக்கும். கூகுள் 2005இல் அதை வாங்கி, அந்த நவம்பரிலேயே அனலிட்டிக்ஸை இலவசமாகத் திறந்துவிட்டது. ஒரே வாரத்தில் கூட்டம் தாங்காமல் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தி வைத்தார்கள். வருகிறவர்களை எண்ணும் கருவி, தன்னிடம் வந்தவர்களைச் சமாளிக்க முடியாமல் கதவைச் சாத்தியது. யூடிஎம் குறியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பேக்கிங் பையன் மூன்று விதமாக அடித்ததில் அறிக்கையில் மூன்று வாட்ஸ்அப்கள் பிறந்தன.

ஊர்ப் பட்டியலில் சென்னைதான் முதலிடம். மாமா உடனே அண்ணா சாலையில் விளம்பரப் பலகைக்கு விலை விசாரிக்கக் கிளம்பினார். மருமகன் தடுத்தான். ஐபி முகவரியை வைத்து ஊரை ஊகிப்பதால் காங்கேயத்துக்காரர் சென்னையில் முளைப்பது சகஜம். அமெரிக்காவில் இப்படி ஊகித்துத் தரும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், எந்த ஊர் என்று தெரியாத முகவரிகளை நாட்டின் நடுவில் ஒரே புள்ளியில் போட்டு வைத்திருந்தது. அந்தப் புள்ளி, கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணைவீடு. 60 கோடிக்கும் அதிகமான ஐபி முகவரிகள் அங்கே குடியிருந்தன. யார் யாரையோ தேடிப் போலீஸ் வந்து கதவைத் தட்டியபடி இருந்தது. 2016இல் செய்தி வெளியானதும் நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்குள் தள்ளியது.

விளம்பரப் பலகைக் காசு மிஞ்சியது.

கடைசியாக விற்பனை. 'நன்றி' பக்கம் திறந்தால் விற்றுவிட்டது என்று எழுதச் சொல்லியிருந்தான் மருமகன். கேஷ் ஆன் டெலிவரியில் கூரியர்காரரிடம் "நான் ஆர்டரே போடலீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவரும் அந்தக் கணக்கில் வாடிக்கையாளர்தான். திரும்பி வந்த பார்சலுக்கு 'ரீஃபண்ட்' என்று தனியாகத் தகவல் அனுப்பினால்தான் தொகை குறையும்.

அனுப்பினார்கள். குறைந்தது. எல்லாக் கழித்தலும் முடிந்து மீதி திரையில் நின்றபோது மாமா சொன்னார்: "மாப்ளை, நீ இதைய வெக்கறதுக்கு முன்னாடி யாவாரம் நல்லா இருந்துச்சு."

ஆனால் அந்த மீதியில்தான் விஷயம் இருந்தது. கூடையில் போர்வையைப் போட்டவர்களில் பாதிக்கு மேல், கூரியர் கட்டணம் தெரிகிற பக்கத்தில் நழுவியிருந்தார்கள். கூடையை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் உலகச் சராசரியே சுமார் 70 சதவீதம் என்றான் மருமகன். மாமா சமாதானமாகவில்லை. கூரியர் செலவைப் போர்வையின் விலையிலேயே சேர்த்துப் போடச் சொன்னார். அப்படியும் ஒரு குறை.

"கடையில படியிறங்கறவங்கள, 'வாங்க கண்ணு, வெல பேசிக்கலாம்'னு கூப்புட்டுருவேன். இதுல அப்படிக் கூப்படறதுக்கு எங்க அமுக்கோணும்?"

"அதுக்கும் ஒண்ணு இருக்குதுங் மாமா. கூடைய விட்டுட்டுப் போனவங்களுக்குத் தானா மெசேஜ் போகும். மாசக் கட்டணம் தனிங்."