நெரிசலில் மட்டும் கொதிக்கும் கார்

கேள்வி: கிளாம்பாக்கம் பேருந்து நிலைய நெரிசலில் என் காரின் வெப்பமுள் சிவப்பைத் தொடுகிறது. செங்கல்பட்டு பக்கம் வேகமெடுத்தால் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?
- வாசகர், ஊரப்பாக்கம்

பதில்: பொறுங்கள்! பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். வேகமாக ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்தால் அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. எனவே முதல் சந்தேகம் அதன்மேல்தான். நிறுத்திய காரில் ஏசியைப் போட்டு பானட்டைத் திறந்து, கையை எட்ட வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் சுழல வேண்டும். சுழலாவிட்டால் முதலில் ஃபியூஸ். அதன் விலை டீ, வடைக் காசுதான்! அப்புறம் ரிலே, மோட்டார், சென்சார்.

நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறினால்தான் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்த ரேடியேட்டர் பக்கம் போகவேண்டும். கூலன்ட் குறைந்தால் இரண்டு இடத்திலும் கொதிக்கும், அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பு உள்ளே படியும். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் நீர், திறந்த நொடியில் முகத்தில் பீறிடும்.