மரம் விழுந்த பிறகு வருகிறவர்

பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் பலாமரத்தை அறுத்துச் சாய்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுத்து முடிக்கும் வரை அவர் எட்டிப் பார்க்கமாட்டார். ரம்பம் ஓய்ந்து, தடியை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பி, தரையோடு தரையாக அடிக்கட்டை மட்டும் மஞ்சளாகப் பல்லிளிக்கும்போதுதான் வருவார். மடித்துக் கட்டிய வேட்டி, கக்கத்தில் குடை. மழை பெய்தாலும் அந்தக் குடை விரியாது, சுட்டிக்காட்டுவதற்காக வைத்திருப்பது. கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து உச்சுக் கொட்டுவார்.

"ஏனுங்க, யாருங்க இப்படி ஒட்ட அறுக்கச் சொன்னது? நெஞ்சு உசரம் விட்டல்லங்க அறுத்திருக்கோணும்!"

சொல்வது சரி. அதுதான் எரிச்சல்.

நெஞ்சுயரம் விட்டிருந்தால் கட்டையே நெம்புகோலாகியிருக்கும். சுற்றிலும் தோண்டிப் பக்கவேர்களை வெட்டிவிட்டு, உச்சியில் வடம் போட்டு இழுத்தால் ஆணிவேர் ஆட்டம் கண்டுவிடும். பக்கத்தில் ஓட்டு வீடும் மின்கம்பியும் இல்லாத இடமென்றால் மரத்தை அறுக்கவே வேண்டாம். வேரை வெட்டிவிட்டு மரத்தின் பாரத்தாலேயே மூட்டோடு சாய்த்துவிடலாம். ஒட்ட அறுத்த கட்டையில் வடம் கட்டப் பிடியே கிடையாது. இதையெல்லாம் அவர் பொறுமையாக விளக்குவார், லாரி ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு.

வேறு வழியில்லாமல் வேலை தொடங்கும். முதல்நாள் சாயங்காலமே தண்ணீர் விட்டு மண்ணை ஊறவைத்திருப்பார்கள். கட்டையிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகப் பள்ளம் பறிக்க வேண்டும். வேர் தென்பட்டதும் கோடாரியை ஓங்கக் கூடாது. ஒட்டியிருக்கும் மண்ணையும் கல்லையும் கையால் துடைத்தெடுத்த பிறகே வெட்ட வேண்டும். கல்லில் ஒருதரம் பட்டால் கோடாரியின் வாய் போய்விடும். பலா வேரில் கசியும் பால் கோடாரியிலும் கையிலும் பிசுபிசுவென்று ஏறும். தேங்காயெண்ணெய் தடவியிருந்தால் ஒட்டாது. கையெல்லாம் பால் ஆன பிறகு அதையும் அவர் சொல்வார்.

கடப்பாரையை மட்டும் தொடமாட்டார். இடுப்பு சரியில்லையாம்.

தோண்டுகிறவர்கள் டீ குடிக்க உட்காரும்போது மருந்துச்சீட்டு எழுதத் தொடங்குவார். கட்டையில் துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் வேர் தானாகப் பட்டுப்போகும்; கல்லுப்பு கொட்டினால் உளுத்துப்போகும்; துருசு வைத்தால் ஆறே மாதத்தில் மக்கிப்போகும். வட்டாரம் முழுக்கச் செல்லுபடியாகும் வைத்தியம்தான் இது. பெருங்காயத்துக்குக் கட்டை அசைந்துகொடுத்ததாகத் தெரியவில்லை. உப்பு, கட்டையை விட்டுவிட்டு அடுத்து அங்கே நடப்போகும் வாழையைக் கெடுக்கும். துருசு கதைதான் அழகு. பாக்குத்தோட்டத்தில் மகாளி நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவையின் உயிரே துருசுதான். பூஞ்சையைக் கொல்கிற சரக்கு. கட்டையை மக்கவைப்பதும் பூஞ்சைதான். ஆக, துருசு வைத்த கட்டை கூடுதலாகச் சில வருஷம் சௌகரியமாக இருக்கும்.

அதே மனிதர் தென்னங்கட்டைக்கு வந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளலாம். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, மூட்டிலிருந்து சல்லிவேர் ஆயிரக்கணக்கில் இறங்கும், வெட்டினால் மறுபடி துளிர்க்காது என்று பாடமாகச் சொல்வார். கூடவே ஓர் எச்சரிக்கை: "அப்படியே உட்டுறாதீங்க, வண்டு வந்துரும்." வரத்தான் செய்யும். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும் மட்கிய தென்னங்கட்டையிலும்தான். அங்கே புழுவாகக் கொழுத்து வண்டாகிப் பறந்துபோய், பக்கத்துத் தோப்பில் தென்னையின் குருத்தைக் குடையும். கட்டைகளை அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் பச்சை மஸ்கார்டின் பூஞ்சையைத் தெளியுங்கள் என்று காசர்கோட்டு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் சொல்கிறது. சித்தூர்த் தாலுகாவின் தோப்புக்காரர்கள் இந்த ஒன்றையாவது மரம் சாய்வதற்கு முன்னால் அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பலாக்கட்டை பாதி வெளியே வந்ததும் அவருக்குள் இருக்கும் வியாபாரி விழித்துக்கொள்வார். "பெருவெம்பாவுக்குக் கொண்டு போயிருக்கலாமுங்க, மத்தளத்துக்கு எடுப்பாங்க." பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, பெருவெம்பாவில் அதைப் பலாமரத்தில்தான் கடைகிறார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது வெடிப்பில்லாத நல்ல அடித்தடி. அது காலையிலேயே லாரியேறிப் போயாயிற்று. கல்லைக் கவ்விக்கொண்டு முறுக்கிக் கிடக்கும் வேர்முண்டில் மத்தளம் கடைய எந்த ஆசாரியும் வரமாட்டார்.

கடைசியில் மஞ்சள் வண்டியைக் கூப்பிடுவார்கள். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் நம் ஊரில் அதன் பெயர் ஜேசிபி. சங்கிலிச் சக்கரத்தில் ஊர்ந்து வந்தால் ஹிட்டாச்சி. ஜேசிபி தோண்டுவதை வேடிக்கை பார்க்க இந்தியாவே கூடுகிறது என்று 2019 மே மாதம் சமூக ஊடகங்களில் ஒரு கேலி அலை எழுந்தது. நம்மவர் அதற்கு முப்பது வருஷம் முன்பிருந்தே முன்வரிசையில் நிற்பவர். வாளி இறங்கும் இடத்தைக் குடையால் காட்டுவார். ஓட்டுகிறவர் தலையாட்டிவிட்டு வேறு இடத்தில் இறக்குவார். கட்டை மேலே வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வார்கள்.

இதே ஆளுக்கு இடுக்கி மலையில் ஓர் அண்ணன் உண்டு. தலையில் மப்ளர், பேச்சில் சட்டம். மறையூரில் வீட்டுக் கொல்லையில் எதையாவது தோண்டினால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "என்ன மரம்? பட்டாவுல என்ன போட்டிருக்கு?" சந்தனம், தேக்கு, ஈட்டி, கருங்காலி நான்கும் பட்டா நிலத்தில் நின்றாலும் அரசுக்கே ஒதுக்கியவை என்று 1964-ம் ஆண்டின் நில ஒதுக்கீட்டு விதிகளை அவர் ஒப்பிப்பார். சந்தனக் காடுள்ள மறையூரில் இந்தப் பேச்சு அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. சந்தனத்தில் எண்ணெய் மிகுந்த பாகம் வேர்தான். அதனால் ராத்திரித் திருடன் தடியோடு நிற்பதில்லை. மூட்டையும் கெல்லி எடுத்துவிட்டு, வீட்டுக்காரருக்குக் குழியையும் வனத்துறையின் கேள்விகளையும் விட்டுச் செல்கிறான்.

அடிக்கட்டை சாட்சி சொல்லும் என்பது அவருடைய இன்னொரு பிரசங்கம். பட்டா நிலத்து மரங்களைப் பற்றி 2020 அக்டோபரில் வெளியான அரசாணை ஒன்றைக் காட்டி வயநாட்டு முட்டிலில் ஈட்டி மரங்களை வெட்டினார்கள். 2021 பிப்ரவரியில் ஆணையே திரும்பப் பெறப்பட்டது. பிடிபட்ட தடிகளையும் முட்டிலில் நின்ற அடிக்கட்டைகளையும் மரபணுச் சோதனையில் ஒப்பிட்டார்கள். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி அவற்றில் ஒரு மரத்துக்கு 500 வயதுக்கு மேல். "அதனால கட்டையத் தொடாத" என்று முடிப்பார். தோண்டுகிறவர் கையில் இருப்பது கொய்யாக்கட்டை.

தேயிலை எஸ்டேட்டில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் இன்னும் ஆழமாகப் போவார். நிழல்மரத்தை எடுத்தவுடன் வெட்டக் கூடாது. முதலில் அடியில் வளையமாகப் பட்டையை உரித்து நிற்கவிட வேண்டும். இலை தயாரிக்கும் உணவு கீழே இறங்காமல், வேரிலுள்ள மாவுச்சத்து தீர்ந்து மரம் பட்டுப்போகும். அதற்கப்புறம் வெட்டினால் வேரழுகல் பூஞ்சைக்குத் தீனி இருக்காது. உரிக்காமல் வெட்டினால் மூட்டில் குடியேறும் பூஞ்சை வேர்வழியே தேயிலைச் செடிகளுக்குப் பரவும். அருமையான பாடம். அவர் இதை நடத்துவது சில்வர் ஓக்கை வெட்டி விறகு அடுக்கிக்கொண்டிருப்பவரிடம். சரிவான நிலத்தில் மூட்டைத் தோண்டவே விடமாட்டார். வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பார். மரம் போனபின் வேர் மக்க மக்க அந்தப் பிடியும் வருஷா வருஷம் தளரும். அதற்குள் வேறு மரம் நட்டு வேரோடவிட வேண்டும் என்பதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாம்.

வட்டவடையில்தான் அவருக்குச் சரக்கு தீரும். அங்கே பூண்டும் உருளைக்கிழங்கும் விளைந்த படிக்கட்டு வயல்கள் பலவற்றில் பணத்துக்காக கிராண்டிஸ் என்ற யூக்கலிப்டஸ் மரத்தை நட்டார்கள். காகித ஆலைக்கும் தேயிலை ஆலை அடுப்புக்கும் அது போயிற்று. மறுபடி பூண்டுக்குத் திரும்பலாமென்று வெட்டினால், மழை கண்டதும் மூட்டைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்விடுகிறது. அதையும் வெட்டினால் மறுபடி துளிர்க்கிறது. மூட்டோடு பறித்தால்தான் நிலம் வயலாகும். ஏக்கர் முழுக்க மூடு என்றால் பறிக்கிற கூலியில் கையிருப்பு காலி.

"இப்ப என்னதாண்ணே செய்ய?" என்று விவசாயி கேட்கிறார்.

"நட்டிருக்கவே கூடாதுப்பா. நான் அப்பவே சொன்னேன்."

"நட்டது எங்க தாத்தா. நீங்க அப்ப பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தீங்க."

மப்ளரைச் சரிசெய்துகொள்கிறார். "சரி, ஹிட்டாச்சி நம்ம மச்சினன்கிட்ட இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லு, மணிக்கு நூறு ரூபா குறைச்சுக்குவான்."